பெட்டியில் இருந்த இரண்டாவது மருந்து

மார்ச் 3

மருமகளுக்கு,

இங்கே நான் நலம். போனில் பேசலாமே, இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவோம், யார் காதிலும் எதுவும் விழாது. போதாததற்கு, போனை எடுப்பவன் என் பிள்ளை. நமக்கு நடுவில் நின்று அவன் அல்லாட வேண்டாம். கடிதமென்றால் நீ குறுக்கே பேச முடியாது. அந்த ஒரு வசதிக்காகவே தாள் வாங்கினேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது மன்னிப்புக் கடிதம் இல்லை.

நீங்கள் இங்கே வந்திருந்தபோது, அன்று காலை சாப்பாட்டு மேசையில் என் பிள்ளை குட்டிக்கு வலிப்பு வந்தது. (முப்பத்தொரு வயது ஆளைக் குட்டி என்கிறேனே என்று சிரிப்பாய். சிரித்துக்கொள்.) அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்க்கிறேன், நீ அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி. எனக்கு ரத்தம் கொதித்தது. பையிலிருந்த மருந்தை எடுத்து அவன் மூக்கில் அடித்தேன். அடித்ததற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமில்லை.

அதற்கு நீ சொன்னாய்: "நீங்க அவருக்கு மருந்து குடுக்கல அத்தை. உங்க பயத்துக்குக் குடுக்கறீங்க." நானும் சும்மா இருக்கவில்லை. "கடிகாரம் பாக்கறதுக்கா உன்னைக் கட்டி வச்சோம்?" என்று கேட்டேன். மறுநாள் விடிந்ததும் மூட்டை கட்டி உங்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டீர்கள்.

அவனுக்கு ஏழு வயதில் வந்தது. இருபத்து நாலு வருஷமாக என் உடுப்பு ஒவ்வொன்றிலும் உள்பக்கம் ஒரு பை தைத்து, அதில் மருந்து வைத்திருக்கிறேன். சீருடை தைக்கும் கூடத்தில் வேலை பார்ப்பவளுக்கு ஒரு பை தைப்பது பெரிய காரியமில்லை. அப்போதெல்லாம் மூக்கு மருந்து கிடையாது. பின்பக்கமாக ஏற்றும் குழாய்தான். பதினாலு வயதுப் பையனைப் பள்ளிக்கூட நடையில் படுக்க வைத்து, கால்சட்டையை இறக்கி, சுற்றி நிற்பவர்களைத் திரும்பி நிற்கச் சொல்லி நான் கத்தியது உனக்குத் தெரியாது. என்னிடம் பயம் இருக்கிறதென்றால் அது சும்மா வந்ததில்லை.

காலை எட்டு, இரவு எட்டு மாத்திரை தவறுகிறதா? மருந்துப் பெட்டி எங்கே இருக்கிறது? வண்டியில் வெயிலில் போட்டு வைக்காதே. பதில் எழுது.

அத்தை


மார்ச் 9

அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. குறுக்கே பேசாமல் கடைசி வரை படித்தேன். இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவைதான் கோபம் வந்தது.

கடிகாரம் ஏன் பார்த்தேன் என்று நீங்கள் அன்று கேட்கவே இல்லை. டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னது இது: உங்கள் பிள்ளைக்கு வருவது பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நின்றுவிடும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனாலோ, விட்டு விட்டு அடுத்தடுத்து வந்தாலோதான் அந்த மருந்து. அதற்கு முன்னால் அடித்தால் அநாவசியமாக நாள் முழுக்க அடித்துப் போட்ட மாதிரி தூங்க வைக்கும். நேரம் பார்ப்பதுதான் என் வேலை. நேரம் பார்த்துக்கொண்டு, மூச்சு சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, தலைக்குக் கீழே என் துப்பட்டாவை மடித்து வைத்துக்கொண்டு இருந்தேன். உங்கள் கண்ணுக்குக் கடிகாரம் மட்டும் தெரிந்தது.

நீங்கள் அடித்தபோது ஒரு நிமிடம் பத்து வினாடி. அன்று பதினொரு மணிக்கு அவருக்கு உங்கள் ஊர்ப் பெரிய பள்ளியில் நேர்காணல். உங்கள் பிள்ளை, கணக்கு வாத்தியார், சாயங்காலம் நான்கு மணிக்குக் கண் விழித்து, "மணி பத்தாச்சா?" என்று கேட்டார். அவர் முகத்தை நீங்களும்தானே பார்த்தீர்கள்?

இருந்தாலும் அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. வேறு மாதிரி சொல்லியிருக்கலாம்.

மாத்திரை தவறவில்லை. பெட்டி வெயிலில் இல்லை, என் தோள்பையில் இருக்கிறது. ஆனால் ஒரு சங்கதி. நீங்கள் அன்று அடித்தது பழைய பெட்டியின் கடைசி மருந்து. புதுப் பெட்டியில் இரண்டு இருக்க வேண்டும், ஒன்றுதான் இருக்கிறது. மருந்துக் கடைக்காரரிடம் போய் நன்றாகச் சண்டை போட்டேன். "நான் எண்ணித்தாம்மா குடுத்தேன்"னு அவர் சத்தியம் செய்கிறார். "நீங்க எண்ணின லட்சணம்தான் தெரியுதே"ன்னு நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். புதிது வாங்கச் சீட்டு வேண்டும், எங்கள் டாக்டர் இருபதாம் தேதி வரை விடுப்பு. அதுவரை ஒன்றை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும்.

உங்கள் மருமகள்


மார்ச் 14

மருமகளுக்கு,

அந்தக் கடைக்காரரைத் திட்டாதே. அவர் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்.

எடுத்தவள் நான். நீங்கள் கிளம்பின அன்று நீ குளிக்கப் போயிருந்தாய். உன் பை திறந்திருந்தது. பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து என் உள்பையில் போட்டுக்கொண்டு, பெட்டியை மூடி வைத்தேன். திருட்டுதான். வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை.

எதற்கென்று கேட்பாய். அவன் என்றைக்காவது திரும்பி வருவான், அப்போது வேண்டும் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த மருந்து என் மேல் இல்லாமல் இருந்தால் கை கால் ஓடவில்லை, அதுதான் உண்மை. பையன் இங்கே இல்லை, மருந்து மட்டும் என்னோடு தையல் கூடத்துக்கு வருகிறது, தைக்கிறது, வீட்டுக்குத் திரும்புகிறது. உன் கடிதத்தைப் படித்தபோதுதான் உறைத்தது, அங்கே ஒன்றை வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருக்கிறாய் என்று. சாப்பிட உட்கார்ந்தவள் அப்படியே எழுந்துவிட்டேன்.

நாளை பதிவுப் பார்சலில் அனுப்புகிறேன். பகலில் உங்கள் வீட்டில் ஆளிருக்காது என்பதால் நீ வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை விலாசம் போட்டிருக்கிறேன். நசுங்கக் கூடாதென்று தகர டப்பாவில் பஞ்சு வைத்து, மேலே கான்வாஸ் சுற்றி, இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன்.

ஒரு நிமிடம் பத்து வினாடி என்று எழுதியிருந்தாய். எனக்கு அது அரை மணி நேரமாக இருந்தது. நேர்காணலை நினைத்தால் எனக்கும் தூக்கம் வரவில்லை. அவனிடம் இதையெல்லாம் சொல்லாதே. கடைக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். உன்னிடம் நேரில் கேட்கிறேன், கடிதத்தில் கேட்க வரவில்லை.

அத்தை


மார்ச் 22

அத்தை,

முதலில் இதைப் படியுங்கள்: அவர் நன்றாக இருக்கிறார். பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறார், எவனோ ஒருவன் எட்டையும் ஏழையும் கூட்டிப் பதினாறு போட்டானாம், கத்துகிற சத்தம் இங்கே கேட்கிறது. இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

உங்கள் கடிதம் பதினேழாம் தேதி வந்தது. படித்துவிட்டு உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தபால்காரர் தொடமாட்டார். பத்தொன்பதாம் தேதி மதியம் பார்சல் வந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும். தெரிந்தும் பிரிக்கவில்லை. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் மறுபடி கோபம் ஏறியது. சாயங்காலம் வரை கிடக்கட்டும் என்று பெயிண்ட் டப்பாக்கள் இருக்கும் அலமாரியில் தூக்கி வைத்தேன். வீம்பு. அதற்கும் வேறு பெயர் பொருந்தாது.

நான்கு மணிக்கு என்னைக் கூட்டிப்போக அவர் பட்டறைக்கு வந்தார். வழக்கம்போலப் பழைய டயர் மேல் உட்கார்ந்து, டிங்கர் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தார். டிங்கர் அண்ணன்தான் எங்களிடம் நசுங்கின வண்டித் தகட்டைத் தட்டி நிமிர்த்துபவர். அவர் நிமிர்த்துவார், நான் பெயிண்ட் அடிப்பேன். பேச்சு பாதியில் நின்றது. அண்ணன் என் பெயரைச் சொல்லிக் கத்தினார். ஓடி வந்து ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். நேரம் பார்த்தேன். இரண்டு நிமிடம். மூன்று. நிற்கவில்லை அத்தை. நான்கு. எப்போதும் இரண்டரையில் தளரும் கை தளரவில்லை. ஐந்து ஆனதும், "அண்ணே, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து மருந்தை எடுத்தேன்.

இனி எழுதுவதை உங்களைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பது வருஷமாக நான் ஸ்பிரே அடிக்கிறேன். எங்கள் தொழிலில் ஸ்பிரே கன்னைக் கையில் எடுத்தால், வண்டியில் அடிப்பதற்கு முன் சுவரில் ஒரு தடவை அடித்துப் பார்க்க வேண்டும். அடைப்பு இருக்கிறதா, சீராக வருகிறதா என்று. யோசித்துச் செய்வதில்லை, கையே செய்துவிடும். மருந்தின் உறையைக் கிழித்தேன், எடுத்தேன், அவர் மூக்குக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் என் கை அதை ஒரு தடவை காற்றில் அடித்துப் பார்த்துவிட்டது.

அதில் ஒரே ஒரு தடவைதான் வரும். டாக்டர் சொல்லியிருந்தார், பெட்டியிலும் எழுதியிருக்கிறது, நானும் உங்களுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். கண்ணுக்கு முன்னால் பனி மாதிரி பரவி மறைந்தது. பட்டறைச் சுவருக்கு இனிமேல் வலிப்பே வராது.

இப்போது எழுதச் சிரிப்பு வருகிறது. அப்போது என் உடம்பில் உயிரில்லை. காலி மருந்தை அவர் மூக்கில் வைத்து மறுபடி மறுபடி அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. அப்புறம்தான் அலமாரி ஞாபகம் வந்தது.

உங்கள் தையலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யானையைக் கட்டி இழுத்தாலும் அது பிரியாது. பல்லால் இழுத்தேன், நகம் பெயர்ந்தது. "தள்ளும்மா"ன்னு சொல்லி அண்ணன் தகடு வெட்டும் கத்தரியை எடுத்து வந்து கான்வாஸோடு சேர்த்து ஒரே வெட்டு. டப்பா, பஞ்சு, மருந்து. நான் மருந்தை எடுத்து உறையைக் கிழித்தேன். "மூக்குல வச்சிட்டு அப்புறம் அமுக்கு. மூக்குல வச்சிட்டு அப்புறம் அமுக்கு"ன்னு அண்ணன் என் காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தார். வைத்தேன். அழுத்தினேன். எட்டு நிமிடம் இருபது வினாடி. பத்தாவது நிமிடம் முடிவதற்குள் உடம்பு தளர்ந்தது. ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தபோது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குறட்டைக்காக எத்தனை நாள் அவரை உதைத்திருக்கிறேன், அன்று காதில் தேன் பாய்ந்தது.

ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். டாக்டரும் வந்துவிட்டார். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார், புதுப் பெட்டி வாங்கிவிட்டேன். கடைக்காரர் என் முன்னால் இரண்டு தடவை எண்ணினார்.

நீங்கள் எடுக்காமல் இருந்திருந்தால் இரண்டும் என் பையிலேயே இருந்திருக்குமே என்று உங்களைத் திட்டலாமா என்று யோசித்தேன். இருந்திருந்தால் நான் பதற்றத்தில் இரண்டையும் காற்றில் அடித்திருப்பேன். அதனால் திட்டவில்லை. பயமாக இருந்தது அத்தை. உங்கள் பயத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன தெரியும் என்று தோன்றியது.

உங்கள் மருமகள்


மார்ச் 27

என் கண்ணே,

உன் கடிதத்தைக் கூடத்தில் மெஷின் மேல் வைத்துப் படித்தேன். "அவர் நன்றாக இருக்கிறார்" என்று முதலில் எழுதினாயே, வயிற்றில் பாலை வார்த்தாய். அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுத்தான் கீழே போனேன். பட்டறைச் சுவர் வந்ததும் சிரித்தேன், சிரித்து முடிக்கும் முன் அழுகை வந்தது. பக்கத்து மெஷின்காரி பயந்துபோய், "யாருக்கு என்னக்கா?" என்றாள். "யாருக்கும் ஒண்ணுமில்ல, அதான் அழறேன்" என்றேன்.

வீணடித்ததை நினைத்து நீ மருகாதே. உனக்கு ஒன்று சொல்கிறேன், இதுவும் யாருக்கும் தெரியாது. குட்டியின் முன்பல் ஓரத்தில் உடைந்திருக்கிறதே, ஊஞ்சலிலிருந்து விழுந்தது என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், அவனுக்கும் சேர்த்து. ஊஞ்சலும் இல்லை ஒன்றும் இல்லை. முதல் தடவை வலிப்பு வந்தபோது நாக்கைக் கடித்துக்கொள்வான் என்று பயந்து வாய்க்குள் கரண்டியைத் திணித்தேன். பல்லின் ஓரம் தெறித்தது. அது தொண்டைக்குள் போகாமல் இருந்தது என் நல்ல காலம். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் கேட்டாள், "வாய்க்குள்ள எதையாவது வச்சீங்களா?" இல்லை என்றேன். அன்றிலிருந்து அவன் சிரிக்கும்போதெல்லாம் அதைத்தான் பார்க்கிறேன். இனி ஒரு தடவையும் தவறக் கூடாது என்றுதான் ஒரு நிமிடத்தில் அடிக்க ஆரம்பித்தேன் போலிருக்கிறது. நீ அன்று சொன்னது சரிதான். கேட்கத்தான் பொறுக்கவில்லை.

நீ ஒரு தடவை தவறியும் பிள்ளையைக் காப்பாற்றினாய். உன்னைக் கட்டி வைத்தது கடிகாரம் பார்க்கத்தான், இனியும் பார்.

அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. நான் மறைத்து மறைத்துக் கண்டது ஒன்றுமில்லை.

அத்தை


ஏப்ரல் 2

அன்புள்ள அத்தைக்கு,

சொல்லிவிட்டேன். சொல்வதைவிட, கடிதங்களை அப்படியே முன்னால் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"என் மூக்கைப் பத்தி ரெண்டு பேரும் ஒரு மாசமா எழுதியிருக்கீங்க. மூக்கு வச்சிருக்கிறவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா?

கடிதங்களை மறுபடி முதலிலிருந்து படித்தார். அப்புறம் கண்ணாடி முன்னால் நின்று பல்லைப் பார்த்துக்கொண்டு, "அந்த ஊஞ்சல் மேல இருபத்து நாலு வருஷமா எனக்கு வீண் கோபம்" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. உங்கள் மேல் கோபமில்லை. "அம்மாவுக்கு அப்போ யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் அவரே டாக்டரின் நர்ஸிடம் போய், மருந்தில்லாத பழகு கருவி ஒன்றை வாங்கி வந்துவிட்டார். சனிக்கிழமை பட்டறையில் வகுப்பு. தரையில் சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டு, ஒவ்வொருவராக வந்து அடிக்கச் சொன்னார். கணக்கு வாத்தியாருக்குள் இப்படி ஒரு நடிகர் இருப்பது எனக்கே தெரியாது. டிங்கர் அண்ணன் முதல் தடவையே தேறினார். முதலாளி வாய்க்குள் அடிக்கப் போனார். நான்? மூன்று தடவை காற்றில் அடித்து, மூன்று தடவையும் வகுப்பின் கடைசி பெஞ்சுக்கு அனுப்பப்பட்டேன். நான்காவது தடவை கையைக் கட்டுப்படுத்தினேன். இப்போது தினமும் வேலை முடிந்து பத்து தடவை பழகுகிறேன். மருந்துப் பெட்டி மேல் சிவப்புப் பெயிண்டில் "சுவருக்கு இல்லை" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பெரிய பள்ளியிலிருந்து மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். போன தடவை ஏன் வரவில்லை என்று கேட்டால் உள்ளதைச் சொல்லப் போகிறாராம்.

ஒரு வாரம் இங்கே வந்து இருங்கள். உங்கள் பிள்ளை சொல்லி எழுதவில்லை, நான்தான் கூப்பிடுகிறேன். வரும்போது பார்சல் தைத்து எதுவும் கொண்டு வராதீர்கள்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 21

என் கண்ணே,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வந்து சேர்ந்த கதையைக் கடைசியில் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

வியாழக்கிழமை காலை நடந்ததைப் பற்றி அங்கே இருந்தவரை நாம் பேசவே இல்லை. நீ துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாய். அவன் செருப்பு மாட்டக் குனிந்தவன் அப்படியே சரிந்தான். வீட்டில் நானும் அவனும் மட்டும். ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். பெட்டி மேசை மேல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு நிமிடம் ஆனதும் என் கை தானாகப் போனது. இழுத்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். "அம்மா இங்கதான் இருக்கேன்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், அவனுக்குக் கேட்டிருக்காது. ஒன்றரை. இரண்டு. என் வாழ்நாளில் அதைவிட நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை.

நீ படியில் வந்து நின்றதை நான் கவனித்தேன். ஓடி வந்து என்னைத் தள்ளிவிட்டு நீ பார்த்திருக்கலாம். வரவில்லை. அங்கேயே, ஈரத்துணி வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

இரண்டு நிமிடம் நாற்பது வினாடியில் தானாக நின்றது. தானாக! இத்தனை வருஷத்தில் அது தானாக நிற்பதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நிற்க நான் விட்டதே இல்லை. அரை மணி நேரத்தில் எழுந்து, முகம் கழுவி, "பசிக்குது" என்றான். பதினொரு மணி வகுப்புக்குப் போய்விட்டான். மருந்து பெட்டியிலேயே இருந்தது, இரண்டும்.

இப்போது பஸ் கதை. மதியம் ஏறினேன், ஜன்னல் ஓர இடம். நம் ஊர் நிறுத்தம் மூன்று மணிக்கு வந்திருக்கும். எனக்குத் தெரியாது. தூங்கிவிட்டேன். நான் பகலில் தூங்கியே பழக்கமில்லை. வண்டியில் தூங்கவே மாட்டேன், பக்கத்தில் அவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு காது விழித்தே இருக்கும். அன்று வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறேன். நிறுத்தம் போய், அதற்கடுத்த ஊர் போய், பஸ் கடைசி நிலையத்தில் நின்று, எல்லாரும் இறங்கிப் போய், ஓட்டுநர் வந்து தோளைத் தட்டி எழுப்பினார்.

"என்னம்மா, இவ்வளவு அசதியா?"

"இருபத்து நாலு வருஷத்து அசதி தம்பி" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பிப் போகும் பஸ்ஸைக் காட்டினார். அதில் ஏறி உட்கார்ந்தேன், மறுபடியும் தூங்கிவிட்டேன்.

அத்தை